ஆம்பூர் கல்யாணத்தில் தவறி விழுந்தது

ஆம்பூரில் ஒரு கல்யாண வீடு. உள்கூடத்தில் நீளமாக வெள்ளைத் துணி விரித்து, அதன் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்திருக்கிறோம். நடுநடுவே பெரிய தட்டுகளில் பிரியாணி. நெய் வாசனையும் அத்தர் வாசனையும் கூடத்துக்குள் நிறைந்திருக்க, கொல்லைப்புறத்திலிருந்து தோல் மண்டியின் சுண்ணாம்பு நெடி, கூப்பிடாமலே வந்த விருந்தாளியைப் போல எட்டி எட்டிப் பார்க்கிறது.

எதிரில் இருந்தவர் கத்தரிக்காய்ப் பச்சடியை நீட்டினார். வாங்குவதற்காக வலது கையைத் தூக்கினேன். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். ரவிக்கைக்குள் போட்டிருந்த ஊக்கு திறந்துகொண்டது.

அடுத்த நொடி, என் வலது மார்பு இடுப்பு வழியாக இறங்கி, வெள்ளைத் துணியின் மேல் விழுந்து, இரண்டு தடவை உருண்டு, மாப்பிள்ளையின் தாயார் முழங்காலில் போய் முட்டி நின்றது.

அந்த அம்மாள் அதை எடுத்தார். காதருகே வைத்துக் குலுக்கினார். சரசர என்றது.

"இன்னாது இது?" என்றார்.

கூடமே என்னைப் பார்த்தது. அந்த வீட்டுக்காரி, கல்யாணப் பெண்ணின் தாய், என் சிநேகிதி ஷாபிரா பீபியின் முகத்தில் மட்டும் ரத்தமே இல்லை.

அவர்கள் அப்படியே உட்கார்ந்திருக்கட்டும். பிரியாணி ஆறினாலும் பரவாயில்லை. என் மார்பு எப்படி உருண்டு போகக்கூடிய பொருளாயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியருக்கு வந்த கூச்சம்

இந்தத் தொடரில் இதுவரை மாமியார் சண்டை எழுதினேன், பிளேக் வந்ததை எழுதினேன், பள்ளிக்கூடத்துக் கூரை பறந்ததை எழுதினேன். எதற்கும் ஒன்றும் சொல்லாத நம் பத்திரிகை ஆசிரியர், இந்த வாரம் எதைப் பற்றி என்று சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"'உடல்நலக் குறைவு' என்று போட்டுக்கொள்ளலாமா அம்மா?" என்றார்.

"தம்பி, எனக்குத் தலைவலி வந்தால் தலை என்று போடுவீர்களா மாட்டீர்களா?" என்றேன். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். நல்ல பிள்ளை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் மார்பில் வரும் இந்தப் புற்றுநோய்க்கு எங்கள் பக்கத்தில் பெயரே கிடையாது. "அவளுக்கு உள்ளே ஏதோ" என்பார்கள். அப்படிச் சொல்லும்போது வாயைப் பொத்திக்கொள்வார்கள். பெயர் இல்லாத ஒன்றைப் பற்றி டாக்டரிடம் போய் என்ன சொல்வது? அதனாலேயே பல பேர் போகாமல் இருந்தார்கள். போய்ச் சேர்ந்தும்விட்டார்கள்.

சீயக்காய் கண்டுபிடித்தது

எனக்கு அப்போது முப்பது வயதைத் தாண்டியிருந்தது. ஜோலார்பேட்டையில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். என் கணவர் தேவராஜ் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். எங்களோடு என் கணவரின் அக்கா கிருபையம்மாவும் இருந்தார். சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் என்னைக் கூப்பிட்ட பெயர்களையெல்லாம் இங்கே எழுத முடியாது.

அண்ணிக்கு ஒரு கொள்கை. தனக்குத் தானே எண்ணெய் தேய்த்துக் குளிப்பவள் சோம்பேறி. யாராவது தேய்த்துவிட்டால்தான் அது குளியல். ஆகவே சனிக்கிழமை என்றால் என்னை முக்காலியில் உட்காரவைத்து, பாத்திரம் துலக்குவதுபோலத் துலக்குவார்.

ஒரு சனிக்கிழமை, சீயக்காய்க் கை வலது பக்கம் அக்குளுக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டது.

"எஸ்தரு, இன்னாடி இது? நெல்லிக்கா மாதிரி?"

"வலிக்கலையே அண்ணி. விடுங்க, தானா போய்டும்."

"தானா போறதுக்கு இது இன்னா விருந்தாளியா? எத்தினி நாளா இருக்குது?"

செம்புத் தண்ணீரை எடுத்து மேலே ஊற்றிக்கொண்டேன். எனக்கு முன்பே தெரியும். கைபட்டபோதெல்லாம் கையை எடுத்துக்கொண்டு வேறு எதையாவது நினைத்துக்கொள்வேன். டீச்சர் என்று பெயர், இவ்வளவுதான் அறிவு.

அண்ணி பக்கத்து வீட்டில் கேட்கவில்லை, பச்சிலை அரைக்கவில்லை, ஜெபக் கூட்டத்தில் சொல்லி ஊரை அழவைக்கவும் இல்லை. தலையைத் துவட்டிவிட்டார். தம்பி வேலையிலிருந்து வந்ததும், "திங்கக்கிழமை எஸ்தரைக் கூட்டிக்கினு வேலூர் போறேன். நீயே பொங்கித் தின்னு" என்றார். அவ்வளவுதான்.

வேலூரில் பெண்களுக்கென்றே இருந்த ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் பார்த்தார். அவர் பேசிய தமிழ் பைபிளில் இருந்து இறங்கி வந்ததுபோல இருக்கும். "மகளே, இந்தக் கட்டி பொல்லாதது. அதை முழுவதும் நீக்கிப் போட வேண்டும். மார்போடு கூட" என்றார்.

நான் அழவில்லை. அண்ணிதான் அழுதார். அழுதுகொண்டே, "இவளுக்குப் பாக்குறதுக்குப் பொடவையில மறைஞ்சிடும்ல டாக்டரம்மா?" என்று கேட்டார். எனக்கு அவ்வளவு பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கவலை அவருக்கு.

இரண்டு பல்லிகள்

குளோரோபார்ம் வாசனை போய்க் கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒரு குரல்.

"அரே, டீச்சர் எழுந்துட்டாங்க. செத்துட்டீங்களோன்னு நினைச்சேன். எனக்கும் நாளைக்கு இதேதான். எப்படி இருக்குது? ஜாஸ்தி வலியா, கம்மியா?"

அப்படித்தான் எனக்கு ஷாபிரா பீபியைத் தெரியவந்தது. ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருந்தவரின் மனைவி. வைரத் தோடு, வாய் நிறைய வெற்றிலை, மனது நிறைய பயம். பயத்தைப் பேச்சால் மூடுகிறவர். எனக்கு வலது பக்கம், அவருக்கு இடது பக்கம்.

அறுவை முடிந்து புண் ஆறத் தொடங்கியதும்தான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. அந்தப் பக்கத்துக் கை தூக்க வரவில்லை. சதையை ஆழமாக எடுத்திருந்தார்கள். தோளுக்குள் யாரோ கயிறு கட்டி இழுத்துப் பிடித்திருப்பதுபோல இருக்கும். தினமும் தாழ்வாரத்துச் சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும் என்று டாக்டரம்மா உத்தரவு. எட்டின இடத்தில் நர்ஸ் பென்சிலால் கோடு போடுவாள்.

எனக்கோ பிழைப்பே அந்தக் கையில் இருந்தது. கரும்பலகையில் எழுத முடியாத டீச்சரை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் என்ன செய்யும்? பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவேன். கண்ணில் தண்ணீர் வரும்.

பீபியும் பக்கத்தில் நின்று ஏறுவார். ஒருநாள் அவருடைய கோடு திடீரென்று என்னுடையதைவிட ஒரு சாண் மேலே போய்விட்டது. எனக்கு ஒரே பொறாமை. மறுநாள் கீழே குனிந்து பார்த்தேன். அம்மாள் குதிகாலைத் தூக்கிக் கட்டைவிரலில் நின்றுகொண்டிருந்தார்.

"பீபி, இது திருட்டுத்தனம்!"

"உங்களுக்கு இன்னா? உங்க வீட்டுக்காரர் கரி அள்ளப் போயிடறாரு, தெனமும் வர மாட்டாரு. என் வீட்டுக்காரர் தெனமும் வந்து கோட்டைத்தான் முதல்ல பாக்குறாரு. பாவம், அந்த மனுசனுக்காவது கொஞ்சம் சந்தோஷம் இருக்கட்டுமே."

அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நானும் நர்ஸிடம் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு நேர்மையாகவே ஏறினார். சத்தம் போட்டு அழுதுகொண்டே ஏறினார். வார்டே கேட்கும். "அல்லா!" என்று அவர் ஒரு விரல் ஏற, "இயேசப்பா!" என்று நான் ஒரு விரல் ஏற, துப்புரவு செய்ய வருகிற முனியம்மா, "சாமிங்களைக் கொஞ்சம் தூங்க வுடுங்கம்மா" என்பாள்.

கேழ்வரகும் இலவம்பஞ்சும்

வீட்டுக்கு வந்தேன். கணவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை. அறைக்குள் போனால் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு புடவை மாற்றினேன். இப்படியே நாட்கள் போயின. ஒருநாள் நானே பொறுக்கமாட்டாமல், "பாக்கணும்னா பாத்துக்குங்க. அப்புறம் வேற எதையாவது நினைச்சிக்கினு இருக்காதீங்க" என்று சொல்லி, திரும்பி நின்று காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, கரி நகங்களோடு கையை நீட்டித் தழும்பின் ஓரத்தை மட்டும் தொட்டார்.

"எஞ்சின்ல ஒரு வெளக்கு போயிட்டா வண்டியை நிறுத்திட மாட்டோம் எஸ்தர். மிச்ச வெளக்குல ஓட்டுவோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்னை எஞ்சின் என்கிறாரே! அரை நாள் பேசவில்லை. மத்தியானம் சாதம் வடிக்கும்போது நினைத்துக்கொண்டு சிரித்தேன், கஞ்சி காலில் கொட்டிக்கொண்டேன். அதன் பிறகு கதவைத் தாழ் போடவில்லை.

பள்ளிக்கூடத்தில் பல மாதம் கரும்பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதினேன். கணக்கு என்றாலே பலகையின் நடுவிலிருந்துதான் ஆரம்பிக்கும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். கை கொஞ்சம் கொஞ்சமாக மேலே போயிற்று. ஆனால் வீக்கம் வந்து தங்கிவிட்டது. இன்றைக்கும் வலது கைக்கு இடது கையின் வளையல் ஏறாது. ரவிக்கையின் வலது கையை மட்டும் தளர்வாகத் தைக்கச் சொன்னால், புதிதாக வரும் டெய்லர் தம்பி அளவு தப்போ என்று இரண்டு தடவை எடுப்பான்.

புடவை ஒருபக்கம் சரிந்து தொங்குவதுதான் அண்ணியால் தாங்க முடியாத விஷயம். பழைய மல் துணியில் பை தைத்து இலவம்பஞ்சை அடைத்துக் கொடுத்தார். பஞ்சுக்கு எடை ஏது? நடக்க நடக்க மேலே ஏறி, கழுத்தெலும்பில் வந்து நிற்கும். "ஒண்ணு தரையிலயும் ஒண்ணு மாடியிலயும் இருக்குது" என்று அண்ணியே சிரிப்பார். அப்புறம் எடைக்காக நடுவில் கேழ்வரகைக் கொட்டித் தைத்தார். இப்போது சரியாக இருந்தது. வேகமாக நடந்தால் மட்டும் லேசாகச் சத்தம் வரும்.

"வேர்வையில மொளைச்சிடப் போவுது, பாத்துக்க" என்பார். "மொளைச்சா களிக்கு ஆச்சு."

இந்தக் கேழ்வரகு மார்போடுதான், அடுத்த வருஷம், பீபியின் மகள் கல்யாணத்துக்கு நானும் அண்ணியும் ஆம்பூர் போனோம்.

ஊசி மெத்தை

ஒரு சங்கதியை இன்னும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்பே பீபி ஆள் அனுப்பி எங்களிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வாணியம்பாடிக்காரர்கள். தாய்க்கு வந்த நோய் மகளுக்கும் வரும் என்று சொல்லிப் பெண்ணை வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று பீபிக்குப் பயம். ஆகவே வேலூரில் தனக்கு வயிற்றுக் கட்டி எடுத்தார்கள் என்று சொல்லிவைத்திருந்தார். நான் யார் என்றால், பெண்ணுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த டீச்சர்.

நிக்காஹ் சாயங்காலம். இன்னும் நடக்கவில்லை. பகல் விருந்தில்தான் அந்தப் பை உருண்டது.

"இன்னாது இது?" என்று சம்பந்தியம்மா கேட்டாரா? நான் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அண்ணிதான் சோற்றுக் கையை உதறிக்கொண்டு சொன்னார்:

"ஊசி மெத்தைங்க. தையல் டீச்சர் இல்லியா? எங்க போனாலும் இடுப்புல சொருவிக்கினு போறது பழக்கம். சொன்னா கேக்க மாட்டா."

சம்பந்தியம்மா பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் புடவையை நான் இழுத்துப் போர்த்திக்கொண்டதையும் பார்த்தார். பையை எனக்குத் திருப்பித் தரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்ந்தார். நான் அந்தப் பிரியாணியை எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது.

கை கழுவினதும் என்னைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். பெண்ணுக்கான சீர்ப் பெட்டிகள் அடுக்கியிருந்த அறை. எங்கள் பின்னாலேயே பீபியும் வந்து கதவோரம் நின்றுகொண்டார். சம்பந்தியம்மா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து பையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊசி மெத்தைன்னா ஊசி குத்துன தடம் ஒண்ணாவது இருக்கணுமே டீச்சர்? ஒண்ணையும் காணோமே?"

மாட்டிக்கொண்டேன். என் கதையை நான் சொல்லலாம், பீபியின் கதையைச் சொல்லக் கூடாது. "எனக்கு ஒரு பக்கம் எடுத்துட்டாங்கம்மா. கட்டி வந்துது" என்றேன்.

அவர் முகம் சுளிக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அறுக்கும்போது தெரியுமா? அப்புறம் கை வேலை செய்யுதா? புருஷன் கூட இருக்காரா?" ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் கேட்டார்: "அறுத்தப்புறம் பொழைச்சவங்க வேற யாராவது இருக்காங்களா? இல்ல, நீங்க ஒருத்தர்தானா?"

நான் தரையைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கான பதில் கதவோரம் நின்றுகொண்டிருந்தது. வெளியே பெண்கள் டோலக் தட்டிப் பாட ஆரம்பித்திருந்தார்கள்.

பீபி கதவைச் சாத்தித் தாழ் போட்டார். வந்து சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துத் தன் இடது பக்கத்தில் அழுத்திவைத்தார்.

"நானும்தான்" என்றார். "இப்போ எழுந்து போய் நிக்காஹ் வேணாம்னு சொல்றதானா சொல்லிடுங்க. ஆனா நீங்க கேட்ட கேள்விக்கு நான் வாயை மூடிக்கினு இருந்தா, எனக்கு அல்லா கொடுத்த உசுரு எதுக்கு?"

சம்பந்தியம்மா கையை எடுக்கவில்லை. "வயித்துக் கட்டின்னு சொன்னீங்களே?"

"கட்டிதான். இடம் மட்டும் கொஞ்சம் மேல."

சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதார். பிறகு இன்னொரு கையால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். இரண்டு வருஷமாக இருக்கிறதாம். கணவருக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது. மகன் கல்யாணத்தைப் பார்த்துவிட்டால் போதும், அதன் பிறகு எப்படியோ ஆகட்டும் என்று இருந்தாராம். அதற்காகத்தான் இந்தக் கல்யாணத்தில் அவ்வளவு அவசரம்.

"ரெண்டு வருஷமா!" என்றார் பீபி. "நான் ஒரு கல்யாணம் முடியிற வரைக்கும் மறைக்கிறதுக்கே நாக்கு வறண்டுபோச்சு. நீங்க பெரிய கை."

"பொண்ணை வேணாம்னு சொல்ல எனக்கு இன்னா பைத்தியமா?" என்றார் சம்பந்தியம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மாமியாருக்கு இப்படி ஒரு நோவு வந்தா இன்னா செய்யணும்னு தெரிஞ்ச பொண்ணு வேற எங்க கிடைக்கும்?"

நிக்காஹ் அன்று சாயங்காலம் நடந்தது. பையை வாங்கி மாட்டிக்கொள்ளத்தான் எனக்கு நேரம் பிடித்தது. ஊக்கு கிடைக்கவில்லை. பீபி தன் புடவையில் குத்தியிருந்த வைரப் புரூச்சைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு நாளாவது என் கேழ்வரகு வைரம் போட்டுக்கொண்டது.

பாலாற்றுப் பாலத்தில்

கல்யாணச் சந்தடி அடங்கியதும் நான், பீபி, சம்பந்தியம்மா மூவரும் வேலூர் போனோம். துணைக்கு வந்த பீபியின் கணவருக்குப் பாதிதான் விஷயம் தெரியும். சம்பந்தியம்மா பர்தாவுக்குள் நடுங்கியது ரயில் பெட்டி ஆடியதையும் மீறித் தெரிந்தது. பீபி ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துக்கொண்டோம்.

அதே டாக்டரம்மா. தடவிப் பார்த்தார். ஊசி போட்டு இழுத்தார். கலங்கலான நீர் வந்தது. வர வர, அந்தக் கட்டி எங்கள் கண் முன்னாலேயே அமுங்கிப் போய்விட்டது. "மகளே, இது வெறும் நீர்க்கட்டி. பொல்லாதது அல்ல. சமாதானத்தோடே போ. மறுபடி வந்து காட்டு" என்றார்.

சம்பந்தியம்மா நம்பவில்லை. இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கச் சொன்னார். டாக்டரம்மா பார்த்துத் தலையசைத்தார். அப்போது சம்பந்தியம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். அவருக்கு வந்ததோ ஆத்திரம். "ஒரு ஊசி! இதுக்கா நான் ரெண்டு வருஷம் கபர்ஸ்தான்ல குழிக்கு இடம் பாத்துக்கினு இருந்தேன்?" என்று சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை. என்னுடையதும் பீபியினுடையதும் அப்படி முடியவில்லை. சில வருஷங்கள் கழித்து பீபிக்கு அது முதுகெலும்பில் திரும்பி வந்தது. பேத்தியைக் கொஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் போனார். கடைசி நாட்களில் அவரைப் பார்த்துக்கொண்டது இந்தச் சம்பந்தியம்மாதான். பெற்ற மகளைக்கூட அவ்வளவாகப் பக்கத்தில் விடவில்லை. நான் இன்னும் இருக்கிறேன். ஏன் அவர் போனார், ஏன் நான் இருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதவும் மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு பீபி திடமாக இருந்தார். காட்பாடி ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது அவர் கணவர் முன்னால் ஒரு ஜட்காவில் போனார். பின்னால் எங்கள் ஜட்கா. திரை கட்டியிருந்தது. பாலாற்றுப் பாலத்தில் ஏறியபோது சாயங்கால வெயில் திரையின் கிழிசல் வழியாக வந்து எங்கள் மடியில் விழுந்தது. கீழே தண்ணீர் இல்லாத மணல். சம்பந்தியம்மா அவ்வப்போது மூக்கை உறிஞ்சினார்.

பீபி என்னையும் அவரையும் தன்னையும் மாறி மாறிப் பார்த்தார். விரலை மடக்கி ஏதோ எண்ணினார்.

"டீச்சர், கணக்கு சரியான்னு பாருங்க" என்றார். "இந்த வண்டியில பொம்பளைங்க மூணு பேரு. மொத்தம் நாலுதான் இருக்குது."

முதலில் சம்பந்தியம்மாவுக்குத்தான் புரிந்தது. பர்தாவை விலக்கிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அதுல ரெண்டு என்னுது!" என்று பெருமையாக நெஞ்சைத் தட்டிக்கொண்டார். எனக்குத் தழும்பு இழுத்தது, விலா வலித்தது, சிரிப்பை நிறுத்த முடியவில்லை. மூன்று பேரும் ஒருத்தர்மேல் ஒருத்தர் சரிந்து விழ, ஜட்கா ஒருபக்கம் சாய்ந்து குதிரை மிரண்டது.

வண்டிக்காரர் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு திரைக்கு வெளியே இருந்து கேட்டார்: "இன்னாம்மா ஆச்சு? எதுனா கீழ வுழுந்துடுச்சா? எறங்கி எடுக்கட்டுமா?"

பீபி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல பாய், இருக்கிறது எல்லாம் பத்திரமா இருக்குது. நீங்க ஓட்டுங்க."